குமரியில் இரண்டு நாள்: கோதையாறு போகும் வழியே போங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசி வாரம் குடும்பத்தோடு இரண்டு நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறார்களாம். முக்கடல், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இந்தத் தடவை கிராமப்பக்கம் போய் அருவி, மலை, பழைய கோயில் என்று கொஞ்சம் அமைதியாகச் சுற்ற ஆசை. கூட வருவது முழங்கால் வலியுள்ள 68 வயது மாமியார், பன்னிரண்டும் எட்டும் வயதான இரண்டு பிள்ளைகள். வண்டி ஏற்பாடு செய்பவர் 14 இடங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா என்பது கேள்வி.

முடியும், ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் நின்றால். அப்படிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள். மிச்சத்தை ஒரே ஆற்றின் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு கோதையாறு.

எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றுகிற வறண்ட பூமி. அங்கிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் போனால் ரப்பர் தோட்டமும் பாக்கும் மிளகும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்யும். அந்த மழையெல்லாம் மலையில் சேர்ந்து கோதையாறாகவும் பறளியாறாகவும் இறங்கி, திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் ஒன்றாகி, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போகிறது. குழித்துறை ஆறு என்றும் தாமிரபரணி என்றும் இதற்குப் பெயர் உண்டு. திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, இது வேறு. மலையிலிருந்து கடல் வரை ஒரு நாளில் காரில் தொடர்ந்து போய்விடக் கூடிய ஆறு இது. நீங்கள் கேட்ட அருவியும் மலையும் பழைய கோயிலும் எல்லாம் இதன் கரையிலோ கூப்பிடு தூரத்திலோதான் இருக்கின்றன.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா சானலில் லஸ்கராக இருந்தவர். கால்வாயை நாங்கள் சானல் என்போம். மடை திறப்பது, அடைப்பது, கரை உடைகிறதா என்று நடந்து பார்ப்பது லஸ்கர் வேலை. சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவர் பின்னாலேயே கரையில் நடந்து நடந்துதான் இந்த ஊர்களை எனக்குத் தெரியும். தண்ணீர் போகிற வழியில் போனால் ஊர் தானாகப் புரியும் என்று சொல்வார்.

காலம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வருவது நல்ல சமயம். இங்கே நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் பேச்சிப்பாறையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். கும்பப்பூ அறுவடையை ஒட்டி, மாசி பங்குனி வாக்கில் சானல் அடைபடும். டிசம்பரில் கும்பப்பூ வயல் பச்சையாக நிற்கும், சானலில் தண்ணீர் ஓடும், அருவியிலும் வரத்து இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் வந்துவிட்டு "மாத்தூர் தொட்டிப்பாலத்தில் (ஆற்றின் மேலே சானலைக் கொண்டுபோகும் பாலம்) தண்ணீரே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே சங்கடம், டிசம்பர் ஐயப்பசாமிகள் வரும் மாதம். கன்னியாகுமரியிலும் திற்பரப்பிலும் மாலை போட்டவர்கள் கூட்டம் அலைமோதும். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதல் நாள் அதிகாலையில் கிளம்பி நேராகத் திற்பரப்பு போய்விடுங்கள். காலை எட்டு மணிக்குள் அருவியில் இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் குளித்துவிடலாம். குற்றாலம் மாதிரி உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிற அருவி இதில்லை. கோதையாறு அகன்ற பாறைப் படுகையில் பரந்து வந்து, சுமார் ஐம்பது அடி சரிந்து விழுகிறது. அதனால் தலையில் அறையாது, முதுகில் தட்டும். பிள்ளைகளுக்கு ஏற்றது. மேலே தடுப்பணையில் படகு விடுவார்கள். மாமியார் கரையில் இருக்கும் மகாதேவர் கோயில் பக்கம் நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம். அருவிக்குப் போவதற்கு முந்தின இரவே ஒரு காரியம் செய்யுங்கள். தங்கியிருக்கும் இடத்தில், பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மலையில் கனமழை பெய்து மறுகால் திறந்தால் திற்பரப்பில் குளிக்கத் தடை விழும். தடை இருந்தால் "கொஞ்ச நேரம் இறங்கிப் பார்ப்போம்" என்ற எண்ணமே வேண்டாம். பாறை வழுக்கும், வெள்ளம் நிமிடத்தில் ஏறும்.

குளித்துவிட்டுப் பசியோடு குலசேகரம் சந்திப்புக்கு வாருங்கள். சின்னக் கடைகளில் மரச்சீனிக்கிழங்கு அவித்து மீன்கறியோடு தருவார்கள். வெளியூரில் இதற்குக் கப்பை, மரவள்ளி என்று பெயர். எங்கள் மேற்குப் பகுதிகளில் அரிசி தட்டுப்பட்ட காலத்தில் உயிரைக் காப்பாற்றிய கிழங்கு இது, இன்றும் அதை யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. சைவம் என்றால் புட்டும் பயறும் பப்படமும் கேளுங்கள். மட்டிப் பழம் வாங்கிக் கொடுங்கள் பிள்ளைகளுக்கு. விரல் நீளத்தில், மணத்தோடு இருக்கும். குழந்தைக்கு முதல் முதலாக ஊட்டுகிற பழம் எங்கள் ஊரில் மட்டிதான். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

குலசேகரத்தைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ரப்பர் மரங்கள்தான். பால்வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் பால் சுரப்பு குறையும் என்பதால் அந்த நேரம். காலை ஒன்பது பத்து மணிக்கு சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி எடுத்துப்போவதைப் பார்க்கலாம். கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பட்டையில் வடிந்து உறைந்ததை உரித்துச் சேர்ப்பதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதைக் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அருவியைவிட அதுதான் நினைவிருக்கும். இதே தோட்டங்களில் தேன்பெட்டிகளும் தென்படும். மார்த்தாண்டம் தேன் என்று நீங்கள் வாங்குவதில் பெரும்பகுதி ரப்பர் தேன். அது பூவிலிருந்து வருவதில்லை. மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. அதனால் புதுத்தேன் வருவது மாசி, பங்குனியில்.

அங்கிருந்து திருநந்திக்கரை பக்கம்தான். பாறையைக் குடைந்து செய்த சிறிய குகைக்கோயில், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமை. சுவரில் ஓவியம் இருந்த தடம் மங்கலாகத் தெரியும். வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. முதலாம் ராஜராஜன் பிறந்த சதய நாளைக் கொண்டாட முட்டம் ஊரைக் கொடையாகக் கொடுத்த செய்தி இங்கேதான் இருக்கிறது. தஞ்சையில் சதய விழா பார்த்திருப்பீர்கள். அதே சதயத்துக்கு இவ்வளவு தெற்கே, ரப்பர் காட்டு நடுவில் ஒரு பாறை சாட்சி சொல்கிறது. முட்டம் இப்போது கலங்கரை விளக்கமும் மீன்பிடி துறைமுகமும் உள்ள கடற்கரை ஊர். குகையில் பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கல்வெட்டில் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இருக்கும் நந்தீஸ்வரர் கோயில் சிவாலய ஓட்டத்தில் நான்காவது. இந்த ஓட்டத்தைப் பற்றித் தெரியாமல் எங்கள் மேற்குப் பகுதியைத் தெரிந்துகொள்ள முடியாது. மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் முஞ்சிறையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு வழியாகத் திருநட்டாலத்தில் முடிப்பார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல். கையில் பனையோலை விசிறியோடு, "கோபாலா, கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டே சிவன் கோயில்களுக்கு ஓடுவார்கள். சிவனைத் தவிர வேறு பெயரையே கேட்கப் பொறுக்காத புருஷாமிருகத்திடம் பீமன் கோவிந்தன் பேரைச் சொல்லி ஓடிய கதை அதற்குப் பின்னால் உண்டு. வழிநெடுக வீட்டுக்காரர்கள் சுக்குநீர், மோர், கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் அம்மா ஒரு அண்டா நிறைய பானகம் கலக்கி வைப்பாள். ஓடுகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்டதே இல்லை. எப்போதாவது சிவராத்திரிக்கு வர முடிந்தால் வாருங்கள், ஓட வேண்டாம், ஒரு வாசலில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாலே போதும்.

மதியத்துக்கு மேல் பேச்சிப்பாறை. 1897-ல் தொடங்கி 1906-ல் முடித்த அணை, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் நினைவிடம் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலைகள் சூழ்ந்த நீர்த்தேக்கம், மாலை வெயிலில் உட்கார்ந்து பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அங்கே செய்வதற்கென்று ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாட்டுப் புத்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனார் சானல் என்று பிரிந்து, மாவட்டத்தின் கிழக்குக் கோடி வயல் வரை போவது இந்த மலைத் தண்ணீர்தான். நாகர்கோவிலிலிருந்து வரும்போது வழியில் கண்ட பச்சை வயலுக்கும் இங்கே தேங்கி நிற்பதற்கும் உள்ள உறவு அது. மேலே கோதையாறு, கீரிப்பாறை, காளிகேசம் பக்கமெல்லாம் வனத்துறை கட்டுப்பாடு உண்டு. 2008 முதல் இது வன உயிரின சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மலையில் பழங்குடியான காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவை அவர்கள் வாழ்கிற வீடுகள், வேடிக்கை பார்க்கும் இடங்கள் ஆகக் கூடாது.

இரண்டாம் நாள் காலை திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் கோயில் நடை உச்சிக்கு முன் அடைத்துவிடும் என்பதால் இதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வளைத்து ஓடுவதால் ஊருக்கு வட்டாறு என்று பெயர். 108 திவ்யதேசங்களில் மலைநாட்டுப் பதின்மூன்றில் ஒன்று. நம்மாழ்வார் பாடியிருக்கிறார். பெருமாள் 22 அடி நீளம் படுத்த கோலம். கல்லில் செதுக்கியதல்ல, கடுசர்க்கரை யோகம் என்ற முறையில் பல பொருள்களைச் சேர்த்து உருவாக்கிய திருமேனி. ஒரே பார்வையில் முழுக்கத் தெரியாது, மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் வரிசையில் நின்று நொடி நேரம் பார்ப்பதை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். 2022 ஜூலை 6 அன்று நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் கும்பாபிஷேகம் நடந்தது. அன்று ஊரே கண்ணீர் விட்டது என்று சொன்னால் மிகையில்லை. என் பாட்டியும் அவள் பாட்டியும் கேட்டுக்கொண்டே காத்திருந்து பார்க்காமல் போன காட்சி அது. பிரகாரத்தில் வரிசையாக விளக்கேந்திய பாவைகள் நிற்கின்றன. ஒன்றின் கொண்டை போல இன்னொன்றின் கொண்டை இல்லை. பிள்ளைகளிடம் ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் நிம்மதியாக ஒற்றைக்கல் மண்டபத்தைப் பார்க்கலாம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கொண்டு வருவது நல்லது. கோயிலுக்குள் ஏறப் படிகள் உண்டு, மாமியாரை மெதுவாகக் கூட்டிச் செல்லுங்கள்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் மாத்தூர் தொட்டிப்பாலம். இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலர் இதைத் தொங்குபாலம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இது ஆற்றின் மேல் செல்லும் சானல். சிற்றாறு பட்டணங்கால் சானலின் தண்ணீர் ஒரு மலைச்சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குப் போக வேண்டும். நடுவில் பறளியாறு ஆழமாக ஓடுகிறது. தண்ணீரைப் பள்ளத்தில் இறக்கினால் மறுபடி மேலே ஏற்ற முடியாது. அதனால் 28 தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் கான்கிரீட் தொட்டியைத் தொடர்ச்சியாக வைத்து, ஆற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள சிறிய தாழ்வுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. காமராஜர் ஆட்சியில் தொடங்கிய வேலை, 1966-ல் முடிந்தது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் மழையை மட்டுமே நம்பிக் கிடந்த எத்தனையோ விளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தது. எங்கள் ஊர்ப்பெயர்களில் பாதி "விளை" என்று முடிவது இந்த மேட்டு நிலங்களால்தான்.

பாலத்தின் மேல் நடக்கும்போது ஒருபுறம் காலடியில் சானல் சத்தமில்லாமல் போகும், மறுபுறம் கீழே தென்னந்தோப்பின் உச்சிகள் தெரியும். தென்னையின் தலையை மேலிருந்து பார்ப்பதே ஒரு புது அனுபவம். மாமியார் பாலத்தில் நேராக நடக்கலாம், மேடு பள்ளம் இல்லை. படிக்கட்டில் இறங்கி ஆற்றுக்குப் போவது மட்டும் வேண்டாம். பிள்ளைகளோடு நீங்கள் இறங்குங்கள், கீழே நின்று தூண்களை அண்ணாந்து பார்த்தால்தான் அந்த உயரம் உறைக்கும். ஒரே ஒரு வேண்டுகோள். தண்ணீர்ப் பாட்டிலையும் தின்பண்ட உறையையும் தொட்டியில் போடாதீர்கள். அது அப்படியே போய் ஏதோ ஒரு மடையில் அடைக்கும். அப்பா அரிவாளையும் கம்பையும் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்த அடைப்பை எடுத்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குச் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் ஏழு கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை மெல்ல ஏறிப்போகும். நல்ல காலுள்ளவர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. மாமியாருக்கு வேண்டாம் என்பது என் கருத்து, அடிவாரத்தில் மர நிழல் உண்டு. மேலே இரண்டு பெரும் பாறைகளுக்கு நடுவே புகுந்து போனால், சரிந்து நிற்கும் பாறையின் முகம் முழுக்கத் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள், பத்மாவதி தேவி. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் இது பெரிய சமணப் பள்ளி. பழைய பெயர் திருச்சாரணத்து மலை. குணந்தாங்கி குரத்தி என்ற சமணப் பெண் ஆசிரியர் இங்குள்ள பகவதிக்குப் பொன்னணிகள் கொடுத்ததை வட்டெழுத்தில் பதித்திருக்கிறார்கள். பெண் ஒருத்தி குருவாக இருந்து, தன் பெயரையே கல்லில் எழுதிய மலை இது. உங்கள் பன்னிரண்டு வயது மகளோ மகனோ, அந்தப் பெயரை அங்கே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். பிற்காலத்தில் பகவதி கோயிலாக வழிபாடு தொடர்ந்தது. சமணர் போனார்கள், அவர்கள் செதுக்கியதை ஊரார் உடைக்கவில்லை. உச்சியில் சிறு சுனையும் காற்றும் உண்டு. தூரத்தில் நம் ஆறு வெள்ளிக் கோடாகப் போவது தெரியும். மாலையில் வாசலை அடைத்துவிடுவார்கள், ஐந்து மணிக்குள் இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்மநாபபுரம் கொட்டாரத்தை, அதாவது அரண்மனையை, விட மனமில்லையென்றால், முதல் நாள் பேச்சிப்பாறையைக் கைவிட்டு அந்த நேரத்தை அதற்குக் கொடுங்கள். நியாயமான மாற்றுதான். 1795 வாக்கில் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை திருவிதாங்கூரை ஆண்ட இடம். 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் கொட்டாரம் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்துவிட்டது, இன்றும் அப்படித்தான். திங்கட்கிழமை விடுமுறை. மரவேலை, கண்ணாடி போல மின்னும் கறுப்புத் தரை, ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்ட ஊட்டுப்புரை, எல்லாம் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும். குறுகிய மரப்படிகள் ஏறியிறங்க வேண்டும் என்பதால் மாமியாரை யோசித்து முடிவு செய்யுங்கள். பக்கத்து உதயகிரிக் கோட்டையில் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி.

தேங்காய்ப்பட்டணம் கழிமுகம் வரை போனால் ஆற்றை முழுசாகப் பார்த்த நிறைவு கிடைக்கும். இரண்டாம் நாள் நேரம் மிஞ்சினால் மட்டும் போங்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில் அலை பொல்லாதது. கரையில் நின்று பாருங்கள், காலைக்கூட நனைக்க வேண்டாம்.

தங்குவதற்கு நாகர்கோவிலைவிட மார்த்தாண்டமோ குலசேகரமோ வசதி, இரண்டு நாளில் மூன்று மணி நேரமாவது மிச்சமாகும். டிசம்பர் கடைசி என்பதால் முன்கூட்டியே அறை சொல்லி வையுங்கள், கிறிஸ்துமஸுக்கு வெளியூரில் வேலை செய்யும் எல்லோரும் ஊர் திரும்பியிருப்பார்கள். இரவு சாப்பிட்டபின் படுத்துவிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு உட்கிராமச் சாலைகளில் ஒரு சுற்று வாருங்கள். வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். சந்திப்புக்குச் சந்திப்பு இளைஞர்கள் வைக்கோலும் மணலும் பாசியும் கொண்டு குடில் கட்டியிருப்பார்கள். சிலவற்றில் மலையும் அருவியும் நிஜத் தண்ணீரோடு ஓடும். நிறுத்தி இறங்கிப் பார்த்தால் கட்டின பிள்ளைகளே வந்து விளக்கம் சொல்வார்கள், கேக்கும் கையில் தருவார்கள்.